அஞ்சலை மில்லுக்கு எந்தப் பக்கம் கதவு?

எஸ்டேட் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தார். குத்தகைக் கடைக்காரர்களுக்கும் பராமரிப்பு ஏஜென்சிக்கும் வழி விடுவதில் தகராறு வந்தால் உங்கள் காலத்தில் எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்டார். நேரே போய்க் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாரம்மா என்றேன். நேரே போய்ப் பார்ப்பதற்கு ஆப்பில் இடம் இல்லை சார் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான், அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. முப்பத்துநாலு வருஷ சர்வீசில் நானும் ஒரு கதவைப் போய்ப் பார்க்காமல் விட்டவன்தான். அந்தக் கதையை எழுதிவிடுகிறேன்.

சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். ஐடிஐயில் டிராப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, நெய்வேலி டவுன்ஷிப்பில் டிரேசராக வேலைக்கு வந்தேன். டிரேசர் என்றால் வேறொன்றும் இல்லை, அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் கோடு போடுகிறவன். முதல் மூன்று வருஷம் மையும் பிளேடும், பிரிண்ட் எடுக்கும் அமோனியா நாற்றமுமாகப் போனது. கையில் மை படாமல் சாப்பிட்ட நாள் நினைவில் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு சுருக்குவழி உண்டு. டவுன்ஷிப்பில் எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். இடப்பக்கக் குவார்ட்டர்ஸில் சமையலறை வலது கோடியில் என்றால் வலப்பக்கக் குவார்ட்டர்ஸில் இடது கோடியில். இரண்டையும் தனித்தனியாக வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒன்றை வரைந்து முடித்து, அந்த டிரேசிங் ஷீட்டைக் குப்புறப் போட்டு, அதன்மேல் புது ஷீட்டை வைத்து அப்படியே இழுத்துவிடுவோம். அடுத்த வீடு தயார். எழுத்து மட்டும் திரும்பித் தெரியும், அதை நேராக எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரன். ஒரு நாளில் ஆறு ஷீட் முடிப்பேன். தலைமை டிராப்ட்ஸ்மேன் என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, எங்கள் செக்‌ஷனைக் கலைத்தார்கள், என்னை எஸ்டேட் ஆபீசுக்கு மாற்றினார்கள். டவுன்ஷிப்பில் வீடும் கடையும் நிர்வாகத்துக்குச் சொந்தம். கடைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். நாலு சுவருக்கு உள்ளே இருப்பது அவர்களுடையது, படியில் கால் வைத்தால் எங்களுடையது. ஆகையால் அந்த ஆபீசுக்கு வரும் சண்டையெல்லாம் வாசற்படிச் சண்டைதான்.

அங்கே எனக்கு மேலதிகாரி கோதண்டம் சார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஆபீசைக் கூட்டுகிறவர் முதல் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மரியாதைக்குள் புகுந்து அவரோடு எதிர்த்துப் பேசுவது முடியாத காரியம். ஒரு மனு வந்தால் மூன்று முறை படிப்பார். முதல் முறை எழுத்துப் பிழைக்கு, பச்சை மையில் திருத்துவார். இரண்டாம் முறை கையெழுத்துக்கு, தேதிக்கு. மூன்றாம் முறைதான் விஷயத்துக்கு. பல மனுக்கள் மூன்றாம் முறைவரை வந்து சேராது. வாய்மொழி உத்தரவு என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. டீ வேண்டுமென்றாலும் துண்டுச் சீட்டில் எழுதித்தான் அனுப்புவார். இன்னொரு விஷயம், அவர் ஆபீசை விட்டு வெளியே போய் எந்த இடத்தையும் பார்த்ததில்லை.

ஒரு தடவை பேச்சு வாக்கில் கேட்டேன். "நேர்ல பாக்கறது ஆளாளுக்கு மாறுமுங்க. டிராயிங் மாறாதுங்க" என்றார்.

அவர் தீர்ப்புகள் இரண்டு சொன்னால் போதும். மார்க்கெட்டில் ஒரு முடிதிருத்தும் கடை. நாற்காலியை வாசலோரம் போட்டிருந்தார்கள். உட்காருகிறவரின் உடம்பு கடைக்குள், நீட்டிய கால் எங்கள் வராந்தாவில். பக்கத்துக் கடைக்காரர் ஆக்கிரமிப்பு என்று மனு போட்டார். சார் டிராயிங்கில் அளந்து பார்த்து, சவரம் குத்தகை எல்லைக்குள் நடப்பதால் ஆட்சேபணை இல்லை, கால்கள் தற்காலிகமானவை என்று எழுதினார். அது பரவாயில்லை. டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. இரண்டு பேரும் அது தன்னுடைய வழி என்றார்கள். டீக்கடைக்காரர் அதில் போகலாம், சைக்கிள் கடைக்காரர் அதில் வரலாம் என்று உத்தரவு. அதாவது டீக்கடைக்காரர் போனால் அதே வழியில் திரும்ப முடியாது, மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, உத்தரவை டைப் செய்தவனே நான்தான்.

எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாதம் இருக்கும்போது கடைகளின் பராமரிப்பை ஒரு தனியார் ஏஜென்சிக்குக் கொடுத்தார்கள். எங்கள் பழைய டிராயிங்கை எல்லாம் ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் மார்ட்டின், பட்டாளத்தில் இருந்து வந்தவர். நல்ல மனிதர், நேரத்துக்கு வருவார், கையில் கொடுத்ததை ஓர் அங்குலம் பிசகாமல் செய்வார். எல்லாக் கஷ்டமும் அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் டவுன்ஷிப் மார்க்கெட்டில் கிழக்கு வரிசை, மேற்கு வரிசை என்று இரண்டு. நடுவில் முற்றம். எல்லாக் கடையும் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். மேற்கு வரிசைக்குப் பின்னால் ரோடு. மாடு புகுந்துவிடுகிறது, வண்டிகளைக் கண்டபடி நிறுத்துகிறார்கள் என்று அந்த ரோட்டோரமாகக் கம்பி வலை வேலி போட ஏஜென்சி முடிவு செய்தது. டிராயிங்கில் ரோட்டுப் பக்கம் எந்தக் கடைக்கும் கதவு இல்லை. இரண்டே நாளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வேலி போட்டு முடித்தார் மார்ட்டின்.

ஆனால் ஒரு கடைக்கு ரோட்டுப் பக்கம்தான் கதவு. மேற்கு வரிசையின் கடைசிக் கடை, அஞ்சலை நடத்தும் மாவு மில். மாவுத்தூசி முற்றத்துக்கு வரக்கூடாது என்று அந்த ஒன்றுக்கு மட்டும் ஷட்டரை ரோட்டைப் பார்த்து வைத்துக் கட்டியிருந்தார்கள். வேலி அந்த ஷட்டருக்கு ஒன்றரை அடி முன்னால் நின்றது.

அஞ்சலை காடாம்புலியூர்க்காரர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மில்தான். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, பர்மனெண்ட் ஆகாமலே மூச்சிரைப்பு வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். மில் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நின்றுவிடும். வேலி போட்ட மூன்றாம் நாள் ஆபீசுக்கு வந்தார். தலைமுடியெல்லாம் மாவு. எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், என் கடைக்கு முன்னால வேலி போட்டுக்கினு போயிட்டாங்க. நானு ஒல்லி, சைடால பூந்து போயிடறேன். கோதும டின்னு பூருமா?" என்றார்.

வாடிக்கைக்காரர்கள் வேலிக்கு மேலே டின்னை நீட்ட, இவர் கை தூக்கி வாங்கி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதையும் மார்ட்டின் எல்லைக்கு மேலாகச் சரக்குப் போக்குவரத்து என்று குறித்து அனுப்பியிருந்தார். நான் மனுவை எழுதி வாங்கி சாரிடம் வைத்தேன். முதல் முறை படித்து, 'மில்' என்பதற்குப் பதில் 'மாவு அரைவை நிலையம்' என்று திருத்தினார். மூன்றாம் முறைக்குப் பிறகு டிராயிங்கைக் கேட்டார். டிராயிங்கில் கதவு முற்றத்துப் பக்கம் இருந்தது. மனுதாரர் தமது கதவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்.

அந்தக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது முழுச் சுவர். சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவர். ஏஜென்சி ஆள் டேப்லெட்டைப் பார்த்தபடி முற்றத்துக்கு வந்து, கதவு மூடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தச் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். முப்பது நாள் தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் குத்தகை தானாக ரத்து, கடை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த விதி பழைய விதிதான். கடையை எடுத்துப் பூட்டி வைத்து மேல்வாடகைக்கு விடுகிறவர்களுக்காக எழுதியது. அதுவரை யாரும் திறக்கக்கூடாது என்று, நோட்டீஸ் ஒட்டிய பன்னிரண்டாம் நாள் சீல் வைக்கவும் வந்துவிட்டார்கள். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, என்ன செய்வார்கள் பாவம், சுவரில் டிராயிங்படி கதவின் நடுவே காகிதத்தை ஒட்டி, நாலு மூலையிலும் அரக்கு வைத்தார்கள்.

மறுநாள் மார்ட்டினின் ரிப்போர்ட் வந்தது. சீல் வைக்கப்பட்ட கடைக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் கேட்கிறது, சீல் உடையவில்லை, விளக்கம் தேவை. கோதண்டம் சார் அதன்மேல் பச்சை மையில், சத்தத்துக்கு முன் அனுமதி பெறப்பட்டதா என்று எழுதி எனக்கு அனுப்பினார்.

அன்றைக்குத்தான் நான் பீரோவைத் திறந்து மூல டிராயிங்கை எடுத்தேன். வலது கீழ்க் கோடியில் ஏழு கையெழுத்து. அதற்கெல்லாம் மேலே, வரைந்தவர் என்ற கட்டத்தில், என் இனிஷியல்.

அதோடு சேர்த்துக் கட்டியிருந்த காகிதங்களில் சைட் இன்ஜினியரின் பழைய கடிதமும் இருந்தது. மேற்கு வரிசை மில்லுக்குக் கதவு ரோட்டுப் பக்கம், கிழக்கு வரிசை ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன், திருப்பும்போது கவனிக்கவும் என்று எழுதியிருந்தார். நான் ஷீட்டைக் குப்புறப் போட்டிருப்பேன். குறிப்பு திரும்பித் தெரிந்திருக்கும். ஏதோ கிறுக்கல், ஷீட்டை அசிங்கம் பண்ணியிருக்கிறார்கள் என்று ரப்பரால் சுத்தமாகத் துடைத்திருப்பேன். சுத்தத்தில் நான் பேர் போனவன். பன்னிரண்டு கடையையும் ஒரே இழுப்பில் திருப்பிவிட்டேன். அன்றைக்கு ஆறு ஷீட் முடித்திருப்பேன், பாராட்டும் வாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, பயம்தான். ரிட்டயர் ஆகும் நேரத்தில் சார்ஜ் மெமோ வாங்கியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். நாம் வாரா வாரம் கோதுமை அரைப்பதே அங்கேதான், இது தெரியாதா உங்களுக்கு என்றாள். தெரியாது. மில் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். டிராயிங்கில் உள்ள தவறு என்னுடையது, திருத்த அனுமதி வேண்டும் என்று. கோதண்டம் சார் மூன்று முறை படித்தார். ஒற்று விட்டுப்போன இரண்டு இடத்தில் ஒற்று போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, நீங்க தப்புப் பண்ணீங்கன்றதுக்கு ஆதாரம் என்னங்க? ஏழு பேரு சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தரு மட்டும் தப்புன்னு சொல்றீங்க."

வரைந்தவனே நான்தான் சார் என்றேன். வரைந்தவர் சரிபார்ப்பவர் அல்ல என்றார். வேண்டுமானால் கட்டடம் டிராயிங்கிலிருந்து மாறிப் போயிருக்கிறது என்று எழுதுங்கள், அதற்குக் கடைக்காரர் மேல் நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, வந்து பாருங்கள் சார் என்று உரக்கவே சொல்லிவிட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை. கூட்டாய்வு என்று ஒரு விதி இருப்பதை அவரே எடுத்துப் படித்தார். அதைக் கோரி என்னையே ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். தேதி குறித்தார். நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து அது இருபத்தேழாம் நாள்.

காலை பதினோரு மணிக்கு முற்றத்தில் சார், மார்ட்டின், நான் மூவரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றோம். அரக்கு முத்திரை வெயிலில் இளகி வழிந்திருந்தது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு முன் கதவைத் தட்ட வேண்டும் என்று விதியில் இருப்பதாகச் சொல்லி, மார்ட்டின் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார்.

"தொறந்துதான் கெடக்கு. சுத்திக்கினு வாங்க" என்று அஞ்சலையின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

சுற்றிக்கொண்டு போனோம். ரோட்டுப் பக்கம், வேலிக்கும் ஷட்டருக்கும் நடுவே அந்த ஒன்றரை அடி. கடையின் கோடியிலிருந்து பக்கவாட்டில் நுழைந்தால் ஷட்டர்வரை போகலாம். ஆய்வு செய்கிறவர் கடைக்குள் போயாக வேண்டும் என்று சார் நுழைந்தார். தடுத்தேன், கேட்கவில்லை. அவர் தேகம் கொஞ்சம் பருமன். நாலு எட்டு போனார், வயிறு கம்பியில், முதுகு சுவரில், நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சட்டைப் பொத்தான் வலையில் மாட்டிக்கொண்டது. அஞ்சலை அந்த நேரம் பார்த்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். சார் தும்ம ஆரம்பித்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் வேலி முழுக்க அந்தக் கோடிவரை ஆடியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

மார்ட்டின் கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டார். எடுத்தவர் அப்படியே நின்றார். வேலியை வெட்ட எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் சார் என்றார். பட்டாளத்து ஆள் இல்லையா, சொன்னால் சொன்னதுதான். வேறு யாராக இருந்தாலும் அங்கே கத்தியிருப்பார்கள். கோதண்டம் சார் மட்டும் தலையை ஆட்டி, "அதுதானுங்க முறை. எழுதுங்க" என்றார்.

மார்ட்டினின் பேடில் நான் எழுதினேன். மேற்படி இடத்தில் வழி தேவைப்படுவதால் வேலியை ஆறு அடி அகலத்துக்கு நீக்க அனுமதிக்கப்படுகிறது. தற்காலிகமாக என்று சேர்க்கச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே கம்பி வழியாக நீட்டினேன். சாரின் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்துக்கொடுத்தது அஞ்சலை, உள்பக்கமாக வந்து. சார் ஒரே ஒரு முறைதான் படித்தார். அவர் சர்வீசில் அப்படி நடந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். கண்ணில் நீர் வழிய வழியக் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். மார்ட்டின் வெட்டினார்.

வெளியே வந்து அஞ்சலை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சார் என்னிடம் இந்தப் பக்கம் கதவு இருக்கத்தான் செய்கிறது என்றார். வருத்தமாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

வேலி திறந்தது, குத்தகை பிழைத்தது, சுவரிலிருந்த சீலைச் சுரண்டி எடுத்தார்கள். டிராயிங்கைத் திருத்தும் அனுமதி என் கடைசி வாரத்தில் வந்தது. பழைய மேஜையைத் தேடிப் பிடித்து, நானே என் கையால் வரைந்தேன். ரோட்டுப் பக்கம் கதவு போட்டேன், முற்றத்துப் பக்கம் இருந்த கதவை பிளேடால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் சுவரைக் கோடாக இழுத்தேன். இனிஷியல் வைத்தேன். கூடவே எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அது போதாது. சந்தன மாலை, சால்வை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் கோதுமை டின்னை நானே எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அஞ்சலை டின்னை வாங்கி வைத்துவிட்டு, டிராயிங்கை வரைந்த ஆள் நீங்கதானா என்று கேட்டார். நான்தான் என்றேன். அலமாரியில் மசாலா டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கையில் கொடுத்தார். உள்ளே எங்கள் ஆபீஸ் கடிதங்கள் மூன்று. சில வருஷ இடைவெளியில் ஒவ்வொன்று.

சனம் எல்லாம் முற்றத்தில் இருக்கிறது, ரோட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை, முற்றத்துப் பக்கம் ஒரு கதவு வைத்துக்கொடுங்கள் என்று அவர் மூன்று தடவை மனு கொடுத்திருக்கிறார். மூன்றுக்கும் ஒரே பதில். தாங்கள் கோரும் இடத்தில் வரைபடத்தின்படி ஏற்கெனவே கதவு உள்ளதால் மனு முடித்து வைக்கப்படுகிறது. மனுக்களுக்குத் தனி ரிஜிஸ்டர், வரைபடத்துக்குத் தனி பீரோ, இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. பதில்களின் அடியில் தயாரித்தவர் என்ற இடத்தில் மூன்றிலும் என் இனிஷியல். எழுதிய நினைவே எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு அப்படி இருபது எழுதுவேன்.

"லெட்டரு வந்தப்பல்லாம் சொவத்தாண்ட போயி நின்னு பாப்பேன் சார். ஆபீசுல இருக்குன்னு எழுதறாங்களே, நமக்குத்தான் தெரிலயோன்னு" என்றார்.

மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, மாவைச் சலித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, நாலாவது மனுவை என் கையெழுத்தில் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல், தேதியோடு. அவர் கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கி வந்தேன்.

பதில் போன வாரம் வந்தது. கோதண்டம் சாருக்குப் பிறகு வந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். தாங்கள் கோரும் இடத்தில், திருத்தப்பட்ட வரைபடத்தின்படி, முழுச் சுவர் உள்ளதால் கதவு வைக்க அனுமதிக்க இயலாது.

மில்லுக்குப் போய் நின்றுகொண்டே படித்துக் காட்டினேன். அஞ்சலை கடிதத்தை வாங்கி மடித்து, மற்ற மூன்றோடு அந்த உறைக்குள் வைத்தார்.

"இப்பத்தான் சார் உள்ளத எழுதியிருக்காங்க" என்றார்.